தூக்கிய முன்னங்கால்

“அது என்னப் பாத்தாம்மா பயந்துச்சு?”

என் மகள் இதை முதன்முதலாகக் கேட்டபோது நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவளுக்கு நான்கு வயது. முகம் எனக்குத் தெரியவில்லை, உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. “இல்லடா கண்ணு, அதுக்கு உடம்பு சரியில்ல” என்றேன். மறுநாள் கேட்டபோது, நாய் தூக்கக் கலக்கத்தில் கடித்துவிட்டது என்றேன். அடுத்த முறை, “பயந்துச்சுதான், ஆனா உன்ன இல்ல” என்று பாதி உண்மையைச் சொல்லிவிட்டு, “அப்ப யார?” என்று அவள் கேட்பதற்குள் குக்கரைப் பார்க்கப் போவதுபோல எழுந்துவிட்டேன். அடுப்பில் குக்கர் இல்லை. இன்றுவரை அவளுக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை.

நாங்கள் ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். ஓரத்து வீட்டில் வீட்டுக்கார அம்மா. மாடியில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள், ஒருவன் வேலைக்குப் போனதும் இன்னொருவன் அதே பாயில் வந்து படுப்பான். என் கணவர் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. மாடிப் பையன்களுக்கும் அதே கம்பெனிதான். கல்யாணத்துக்கு முன்னால் நானும் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருந்தேன். பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே சர்க்யூட் போர்டுகளை வைத்து, பழுது இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்குவது என் வேலை. எங்கள் மேசைக்கு எதிரே இரண்டு படம் மாட்டியிருப்பார்கள். ஒன்று நல்ல போர்டு, ஒன்று கழிக்க வேண்டிய போர்டு. சந்தேகம் வந்தால் நிமிர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தால் போதும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று பேர்.

போன மழைக்காலத்தில்தான் நாய் வந்தது. மாடிப்படிக்கு அடியில், எங்கள் செருப்புகளுக்கு நடுவில், நனைந்துபோய்ச் சுருண்டு படுத்திருந்தது. செவலை நிறம். இடுப்பில் ஓர் இடத்தில் முடி முளைக்காமல் நீளமாக ஒரு தழும்பு. என் மகள் பிஸ்கட்டை நீட்டியதும் கழுத்தை மட்டும் எட்டி வாங்கிக்கொண்டது.

“இன்னாமா இது, கொயந்த கீற வூட்ல நாய சேத்துக்கினு?” என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா. மறுநாள் மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்து தட்டில் கொண்டுவந்து வைத்ததும் அவர்தான்.

மாடிப் பையன்களில் ஒருவன் படியிறங்கும்போது அதைப் பார்த்து நின்றான். “ஏக்கா, இது எங்க கேன்டீன் நாயில்லா? போன வாரம் ஆடிட்டு வருதுன்னு கம்பெடுத்து விரட்டுனாவ. ஆடிட்டுல ஃபெயிலாகி உங்க வீட்டுக்கு வந்துட்டு பாருங்க!”

எல்லோரும் சிரித்தோம். ஆடிட் என்றால் எனக்கும் தெரியும். வெளியிலிருந்து பெரிய ஆட்கள் கம்பெனியைப் பார்க்க வரும் நாள். தரையில் மஞ்சள் கோட்டைப் புதிதாக அடிப்பார்கள். வாடிய செடித் தொட்டியைத் தூக்கிக் கழிவறைக்குப் பின்னால் மறைப்பார்கள். வளாகத்துக்குள் திரியும் நாய்களை, லைனில் சும்மா நிற்கிறவர்கள் எல்லோரையும் விட்டு விரட்டுவார்கள். விரட்டுகிறவர்களுக்கும் அது கொஞ்ச நேரம் விளையாட்டு மாதிரி இருக்கும். ஜன்னல் வழியாக நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

என் மகள் நாய்க்குத் ‘தம்பி’ என்று பேர் வைத்தாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத பிள்ளை.

“பொட்ட நாயப் போயி தம்பின்றா பாரு. நாளைக்கு ஆறு குட்டி போட்டா தெரியும் தம்பியோட லட்சணம்” என்றார் வீட்டுக்கார அம்மா.

“தம்பிதான் ஆயா!” என்றாள் அவள், தகராறே வேண்டாம் என்பதுபோல.

நான் எதற்கும் பயப்படுகிறவள். ஸ்ரீபெரும்புதூர் கால்நடை மருந்தகத்துக்கு ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய் வெறிநாய்த் தடுப்பூசி போட்டேன். உண்ணி பிடுங்கினேன். குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தேன். பிள்ளை அதன் மூக்கில் முத்தம் கொடுத்தால் உடனே வாயைக் கழுவிவிட்டேன். நாயால் குழந்தைக்கு என்னென்ன வரும் என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். நாய்க்கு எங்களால் என்ன வரும் என்று எனக்குத் தேடத் தோன்றவில்லை.

நாய் சல்யூட் அடித்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் கணவர் காலை ஷிப்டு முடிந்து மதியம் இரண்டரை, மூன்று மணிக்கு வருவார். சாம்பல் நிறச் சட்டை, கருநீல பேன்ட், முன்பக்கம் இரும்பு வைத்த பாதுகாப்பு ஷூ. அந்த ஷூ சத்தம் தெருமுனையில் கேட்டதுமே நாய் எழுந்து நிற்கும். அவர் வாசலுக்கு வரும்போது உடம்பைத் தாழ்த்தி, காதை மடித்து, வாலைக் காலுக்கிடையில் கொடுத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்ளும். நாக்கால் மூக்கை நக்கும். பிறகு ஒரு முன்னங்காலை மெதுவாகத் தூக்கி, மடக்கி, அப்படியே வைத்திருக்கும்.

முதல் நாள் இதைப் பார்த்ததும் வீட்டுக்கார அம்மா வாய்விட்டுச் சிரித்தார். “யம்மாடி! சூப்பர்வைசருக்குக்கூட எவனும் இப்டி சலாம் போட மாட்டான்!”

என் கணவரின் முகத்தை அன்று நான் பார்த்தேன். வெட்கமும் சந்தோஷமுமாக இருந்தது. ஐந்து வருடமாக நிரந்தரமாக்குவார்கள் என்று காத்திருக்கிற மனிதர். அவரைவிட வயதில் சின்னவர்கள் அங்கே அவரை ‘ஏய்’ என்று கூப்பிடுகிறார்கள். “கம்பெனில நான்தான் எல்லாருக்கும் சல்யூட் அடிக்கிறேன். வூட்ல எனக்கு அடிக்கவும் ஒரு ஆள் கீது பாத்தியா” என்றார். அன்று முதல் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் வாசலில் நிமிர்ந்து நின்று, “சல்யூட்!” என்பார். அது காலைத் தூக்கும். அவரும் நெற்றியில் கை வைத்துப் பதில் சல்யூட் அடிப்பார். பிள்ளை கைதட்டுவாள். மாடிப் பையன்கள் அதைப் படம்பிடித்து ஸ்டேட்டஸில் வைத்தார்கள்.

அவர் ஒரு பிஸ்கட்டைப் போடுவார். அது தொடாது. அவர் குளித்து, லுங்கி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்னும். பிறகு அவர் காலடியிலேயே படுத்துக்கொள்ளும், வயிற்றைக் காட்டும், அவர் கால் விரலை நக்கும். “டூட்டில ஆபீசர், வூட்ல ஃப்ரெண்டு. மரியாத தெரிஞ்ச நாய்” என்பார் அவர். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருமுறை அவர் உள்ளே வரும்போது அது பெரிதாகக் கொட்டாவி விட்டது. “உங்கள வரவேற்கிற லட்சணத்தப் பாருங்க, தூக்கம் வருதாம்” என்று நான்கூடக் கேலி செய்தேன்.

பிள்ளையின் பள்ளியில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். அப்பா வேலைக்குப் போவதுபோல உடுத்தி வர வேண்டும். டாக்டர் கோட்டும் போலீஸ் தொப்பியும் வாடகைக்குக் கிடைக்கும் என்று மற்ற அம்மாக்கள் பேசிக்கொண்டார்கள். என் மகள் அப்பாவாகத்தான் போவேன் என்றாள். அவருடைய பழைய சாம்பல் சட்டையைக் கத்தரித்து, அவள் அளவுக்குத் தையல் போட்டேன். போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் போட்டுப் பார்த்தோம். கழுத்துப் பட்டை சரியாக நிற்கவில்லை. நான் குண்டூசி எடுக்கத் திரும்பியபோது, அவள் வாசலில் கிடந்த அப்பாவின் ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டு, டக் டக்கென்று உள்ளே போய்விட்டாள்.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் நாய் படுத்திருந்தது. அதற்குப் பின்னால் சுவர். அவள் அந்தச் சந்தின் வாயில் போய் நின்று, “தம்பி, சல்யூட்!” என்றாள்.

நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழுந்தது. கொட்டாவி விட்டது. முகத்தைத் திருப்பியது. கண்ணின் ஓரத்து வெள்ளை முழுதும் தெரிந்தது. முன்னங்காலைத் தூக்கியது. அவள் சிரித்துக்கொண்டே, ஷூ தரையில் இடிக்க, கட்டிப்பிடிக்கக் குனிந்தாள். நான் அதுவரை கேட்டிராத ஓர் உறுமல் வந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ மோட்டார் ஓடுகிறது என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் கடித்துவிட்டது. முழங்கைக்குக் கீழே, சட்டையின் மேலேயே. கடித்ததும் விட்டுவிட்டு, தன் மேலேயே சிறுநீர் கழித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றது.

சட்டைத் துணி தடிப்பானது, பல் ஆழமாக இறங்கவில்லை. அரசு மருத்துவமனையில் காயத்தைக் கழுவி ஊசி போட்டார்கள். நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொன்னார்கள். மாடிப்படிக்கு அடியில் கட்டிப் போட்டோம். என் கணவர் அதன் பக்கத்தில் போகவில்லை. “மூஞ்சில கடிச்சிருந்தா?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கும் அதே நினைப்புதான். வாலாஜாபாத் தாண்டி அவருடைய நண்பரின் மாமாவுக்கு நிலம் இருக்கிறது, பம்புசெட் கொட்டகைக்குக் காவலாக நாய் கேட்கிறார்கள் என்று ஏற்பாடு ஆனது. நானும் சரி என்றேன். பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டு போட்ட கையைத் தூக்கிக் காட்டி, “தம்பி, எனக்கு வலிக்கல” என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பத்து நாளுக்குள் ஒரு நாள் மறுபடி கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். நாய்க்கு வெறி இருக்குமோ என்று கேட்கத்தான் போனேன். அங்கே இருந்த பெண் மருத்துவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

“கடிக்கறதுக்கு முன்னாடி கொட்டாவி விட்டுச்சா?”

“விட்டுச்சு.”

“மூஞ்சியத் திருப்பிக்கிச்சா? கண்ணு வெள்ளையாத் தெரிஞ்சுதா? சாப்பிட எதுவும் இல்லாதப்ப மூக்க நக்குமா?”

எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

“முன்னங்காலத் தூக்குமா?”

“அது சல்யூட் டாக்டர்” என்றேன். சிரித்துக்கொண்டேகூடச் சொன்னேன். “எங்க வீட்டுக்காரர் கம்பெனிலேர்ந்து வரப்ப மட்டும் அடிக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. “லுங்கில இருக்கறப்ப?”

“லுங்கில இருந்தா அடிக்காது” என்றேன்.

“நாய் சல்யூட் அடிக்காதும்மா. ஓடறதா நிக்கறதான்னு தெரியாதப்ப ஒரு காலத் தூக்கிக்கிட்டு நிக்கும். என்னை விட்டுடுன்னு கெஞ்சறதா வெச்சுக்குங்க. அந்த யூனிஃபார்ம் போட்டவங்க யாரோ அத நல்லா அடிச்சிருக்கணும். கடிக்கணும்னு கடிக்கல. அதுக்குத் தெரிஞ்ச விதத்துல எல்லாம் சொல்லிப் பாத்திருக்கு.”

வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே மூன்று பேர் சாம்பல் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அந்த ஷூக்களைத்தான் பார்க்க முடிந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் போனில் இருந்த சல்யூட் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தாழ்ந்த முதுகு, மடிந்த காது, இறுக மூடிய வாய். அவர் கையை உயர்த்திப் பதில் சல்யூட் அடிக்கும்போது அது கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கழுத்தை உள்ளே இழுக்கிறது. அடி விழப்போகிறது என்று நினைத்திருக்கும். பின்னணியில் நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம். என் சிரிப்புதான் எல்லாவற்றிலும் சத்தமாகக் கேட்கிறது. கம்பெனியில் எனக்கு எதிரே மாட்டியிருந்ததுபோல, பயந்த நாய் இப்படி இருக்கும், பயமில்லாத நாய் இப்படி இருக்கும் என்று இரண்டு படம் யாராவது முன்பே காட்டியிருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேனா? தெரியவில்லை. கண்டுபிடிக்க விரும்பியிருப்பேனா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அவரிடம் சொல்ல வேண்டும் என்று அன்று நினைத்தேன். நாளை சொல்லலாம் என்று தள்ளினேன்.

நாயை அனுப்புகிற நாள், நண்பர் ஷிப்டு முடித்த கையோடு குட்டி யானை வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேருமே சாம்பல் சட்டையில் இருந்தார்கள். பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியிருந்தேன். என் கணவர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். அது உடம்பைத் தாழ்த்தியது. முன்னங்காலைத் தூக்கியது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “பாத்தியா” என்றார் என்னிடம். “அனுப்புறவனுக்கும் சல்யூட் அடிக்குது.” பத்து நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து அழுதார். சட்டைக் கையாலேயே முகத்தைத் துடைத்தார். நண்பர் அவர் தோளைத் தட்டி, “வுட்றா, மாப்ள. அங்க நல்லா இருக்கும்” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அது சல்யூட் இல்லைங்க என்று சொல்லத்தான் திறந்தேன். அழுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? வண்டி போய்விட்டது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு அது கொட்டகையிலிருந்து ஓடிவிட்டதாக நண்பர் சொன்னார். வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற வேகம் எனக்குத் தெரியும். இனி அது உயிரோடு இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் மாடிப் பையன் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக எங்கள் வாசலில் நின்றான். “ஏக்கா, நம்ம நாயப் பாத்தேன்! வாலாஜாபாத் ரோட்டுல லாரி நிப்பாட்டுத எடத்துல நிக்கி. அதே தழும்பு. கூப்புட்டேன், ஒரே ஓட்டமா ஓடிட்டு. என்னயத் தெரியாமலா இருக்கும்?”

அவன் சாம்பல் சட்டையில் நின்றுகொண்டு இதைக் கேட்டான்.

அன்று முதல் என் கணவர் ஷிப்டு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருவதில்லை. பைக்கில் அந்தச் சாலை முழுக்கத் தேடுகிறார். இரண்டு முறை பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் அது கருவேலம் புதருக்குள் ஓடிவிட்டது. “வூட்டுக்கு வந்து குளிச்சிட்டு, லுங்கி கட்டிக்கிட்டுப் போங்களேன்” என்றேன். “லுங்கிலயா? யூனிஃபார்ம்ல பாத்தாதான் அதுக்கு என்ன அடையாளம் தெரியும். தெனமும் சல்யூட் அடிச்சது இந்தச் சட்டைக்குத்தானே” என்றார். சட்டையில் வியர்வை நாற்றம் என்றேன். “அதுக்குப் புடிச்ச நாத்தம்டி அது” என்று சிரித்தார். நாய் போனபின் அவர் சிரித்தது அன்றுதான்.

நானே போனேன். பிள்ளையைக் கூப்பிட்டேன், அவள் குரல் கேட்டால் வரும் என்று. அவள் வரவில்லை. “நான் வந்தா பயந்துடும்மா. நீ மட்டும் போ” என்றாள். அதற்கு மேல் அவளை வற்புறுத்த எனக்குத் தெம்பு இல்லை. வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய், டீக்கடை ஓரமாகக் காத்திருந்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் அது வந்தது. மெலிந்துபோயிருந்தது. “தம்பி” என்று கத்தினேன். நின்றது. காதைத் தூக்கியது. வால் நுனி லேசாக ஆடியது, சத்தியமாக ஆடியது. நடுவில் லாரிகள். கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் கடந்துவிடலாம் என்று காலை வைத்தேன். அப்போது கம்பெனி பஸ் ஒன்று அந்தப் பக்கம் வந்து நின்றது. வரிசையாகச் சாம்பல் சட்டைகள் இறங்கின. பஸ் நகர்ந்தபோது அது அங்கே இல்லை.

அவருக்கு அடுத்த வாரமும் காலை ஷிப்டுதான். மதியம் தேடப் போய்விடுவார், அதே சட்டையில். ஒவ்வொரு நாளும் அவர் அதைத் தேடுகிறாரா, இன்னும் தூரமாக விரட்டுகிறாரா என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாவிட்டால் நாய் கிடைக்காது. சொன்னால், தினமும் வாசலில் அவர் நிமிர்ந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தை அவரிடமிருந்து நான் பிடுங்கிக்கொள்ள வேண்டும். உன்னைப் பார்த்து அது நடுங்கியது, நாம் கைதட்டினோம் என்று சொல்ல வேண்டும். ஒரு பிராணியை அடிக்கக் கை ஓங்காத மனிதர் அவர். யாரோ அடித்த அடிக்கு அவர் ஏன் இதைச் சுமக்க வேண்டும் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. மறு சமயம், இப்படி யோசித்து யோசித்தே அதை லாரிக்குக் கொடுத்துவிடப் போகிறேன் என்று தோன்றுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் பயந்துபோன நாயைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் இருப்பீர்கள். அப்படி மிரண்ட நாய் அருகில் வர எவ்வளவு நேரம் எடுக்கும், எங்கே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், கூப்பிடலாமா கூப்பிடக் கூடாதா என்று சொல்லுங்கள். நல்ல மனிதர் ஒருவரிடம் இப்படி ஒரு விஷயத்தைச் சொல்ல நேர்ந்தவர்களும் இருப்பீர்கள். முதல் வாக்கியமாக எதைச் சொன்னீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.